டக்குப் பிடிக்க முடியாத மரம்

உடைந்த கண்ணாடிச் சில்லால் மரத்தைச் சுரண்டும்போது எழுகிற சத்தம் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பல்லைக் கூசவைக்கும் என்றாலும், அந்தச் சத்தத்தோடு சுருள் சுருளாக உதிர்கிற மெல்லிய சீவலின் வாசனை, வெல்லப்பாகில் கொஞ்சம் வார்னிஷ் சிந்தியது போல ஒரு தினுசாக நன்றாகவே இருக்கும். நான் சேலத்தில் பல் மருத்துவர். சுரண்டுவதும் ராவுவதும் அளவெடுப்பதும்தான் பிழைப்பு. நோயாளியின் வாய்க்குள் கருவியை வைத்ததும் கிறீச்சென்று ஒரு சத்தம் வருமே, அது கேட்கிற நேரத்தில் என் மூக்கு மட்டும் என்னை விட்டுவிட்டுத் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலிருக்கிற எங்கள் வீட்டு வாசலுக்குப் போய்விடும். அங்கே அப்பா கயிற்றுக் கட்டிலில் குறுக்கே உட்கார்ந்து, எனக்குப் பதினோரு வயதான அந்த மழைக்காலத்தில், என் கிதாரின் கழுத்தைச் சீவிக்கொண்டிருப்பார்.

கிதாரில் கம்பிகளுக்கு அடியில் நீளமாக ஓடுகிற, இடது கை பிடிக்கிற அந்த மரத்துக்குக் கழுத்து என்றுதான் பெயர். இது எங்கள் தெருவுக்குத் தெரியாது. மேற்கு வீட்டு அத்தை தண்ணீர்க் குடத்தோடு வந்தவர், “அப்பன் ஊட்டுல என்ன சாமி பண்றாரு?” என்று கேட்க, நான் விளையாட்டு மும்முரத்தில் “கழுத்துச் சீவிட்டிருக்கறாருங்கத்தை” என்றேன். “ஆரோட கழுத்தடி?” என்றார். “என்ரதுதானுங்க” என்றேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அத்தை எங்கள் வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தை அம்மா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

அப்பாவுக்கு “ரிக்கு வண்டி” வேலை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஆண்பிள்ளை ஆறேழு மாதமாகக் கண்ணில் படவில்லை என்றால், அவர் வடக்கே எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறார் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்வோம். துளைபோடும் எந்திரம் ஏற்றிய லாரி ஒன்று, காற்றடிக்கும் கம்ப்ரசர் ஏற்றிய லாரி ஒன்று, இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு ரிக்கு. அப்பா அதில் ட்ரில்லர். இருபதடி நீள இரும்புக் குழாயைப் பூமிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி இறக்குவது அவர் வேலை. அந்தக் குழாய்க்குப் பெயர் “ராடு”. வடக்கே மழை பிடித்துக்கொண்டு வயலுக்குள் வண்டி இறங்க முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்புவார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த காலி நிலத்தில் வண்டியை நிறுத்தி, பழுது பார்த்து, பெயிண்டு அடித்து, ஆயுத பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஆக வருடத்தில் இரண்டரை மாதம் எனக்கு அப்பா உண்டு.

வண்டி வருவதை ஏரிக்கரைத் திருப்பத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அதிலிருந்த காற்று ஹாரன் ஏழு சுரம் வாசிக்கும். முதல் மூன்று மேலே ஏறி, நடுவில் இரண்டு ஒரே இடத்தில் நின்று, கடைசி இரண்டும் தடதடவென்று பள்ளத்தில் இறங்கும். அது கேட்ட மாத்திரத்தில் அம்மா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுத் தலையை வாரிக்கொள்வாள். நான் பாடப் புத்தகத்தை எங்கே போட்டேன் என்று எனக்கே தெரியாது.

அந்த முறை அந்த ஏழு சுரத்தோடு கிதாரும் வந்தது. முந்தைய வருடம் பள்ளி ஆண்டு விழாவில் எவரோ கிதார் வாசித்ததைப் பார்த்துவிட்டு, தொலைபேசியில் அப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தேன். அவர் வடக்கே ஏதோ ஒரு ஊர்ச் சந்தையில், இருந்ததிலேயே மலிவானதாக, சிவப்புப் பளபளப்போடு ஒன்றை வாங்கி, கோணிப்பை சுற்றி, ராடுகளுக்கு நடுவே கட்டி, மூன்று நாள் சாலையில் கொண்டுவந்திருந்தார். அது மின்சாரக் கிதார் என்பதே ஊருக்கு வந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. பெட்டி மாதிரி உள்ளே குடைந்திருக்காது, கட்டை மரம். ஒலிபெருக்கியில் இணைக்காமல் வாசித்தால் கொசு பாடுகிற அளவுக்குத்தான் கேட்கும். எங்களிடம் ஒலிபெருக்கி கிடையாது.

“சாதாரணக் கிதாரு கடையில இருந்துச்சு சாமி. நாந்தான் கரண்டுல ஓடறதாப் பாத்து எடுத்தேன். கரண்டுன்னா சத்தம் எச்சா இருக்குமல்லொ, நம்ம காதுக்கும் கேக்குமேன்னு” என்றார் அப்பா. கம்ப்ரசருக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்று அவர் காது பாதி போயிருந்தது. வீட்டில் எல்லோரும் அவரிடம் வயலுக்கு அந்தப்பக்கம் நிற்கிறவரோடு பேசுவது போலத்தான் பேசுவோம். அவருக்கு மட்டும் தம் குரல் மெதுவாக இருப்பதாகவே நினைப்பு.

அன்றைக்கே எனக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. அந்த ஹாரனின் ஏழு சுரத்தையும் கிதாரில் வாசித்து, வண்டி திரும்பக் கிளம்புவதற்குள் அப்பாவைக் கேட்கவைத்துவிட வேண்டும். அந்தச் சத்தத்துக்காக நான் எத்தனை மாதம் காத்திருக்கிறேன் என்பதை எனக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை. வாசித்தால் புரிந்துவிடும் என்று நினைத்தேன். சொல்லித்தர ஆளில்லாவிட்டாலும், கழுத்தின் குறுக்குப் பட்டைகளுக்கு நடுவே கம்பியை ஒவ்வொரு கட்டமாக அழுத்திப் பார்த்து நாலே நாளில் ஐந்து சுரங்களைப் பிடித்துவிட்டேன். கடைசி இரண்டும்தான் வரவில்லை. அவை தடித்த கம்பியில், கம்பியை முறுக்குகிற திருகுகள் உள்ள தலைப்பக்கம் இருந்தன. ஆள்காட்டி விரலை ஒரு கட்டத்தில் வைத்துச் சுண்டுவிரலை மூன்று கட்டம் தள்ளி நீட்ட வேண்டும். கழுத்தோ பின்பக்கம் உலக்கை போலத் தடித்திருந்தது. கட்டைவிரல் சுற்றி வருவதற்குள் மற்ற விரல்கள் நின்ற இடத்தை விட்டு நழுவிவிடும்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? மூன்று நாள் கட்டிக் காத்துக் கொண்டுவந்த பொருள் கைக்குச் சேரவில்லை என்று சொன்னால் அவர் முகம் என்னாகும் என்று எனக்குத் தெரியும். அதனால் சாயங்காலமானால் “வாசி சாமி” என்று அவர் எதிரே உட்காரும்போது, எதையும் அழுத்தாமல் கம்பிகளைச் சும்மா மீட்டிவிட்டு, “நல்லாருக்குதுங்கப்பா” என்று கத்துவேன். பத்து நாள் இப்படி ஓட்டினேன். அவருக்குக் காதுதான் மந்தம், கண் மந்தமில்லை என்பதை நான் மறந்துபோனேன். பதினொன்றாம் நாள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கட்டவெரலு ஏன் சாமி இப்புடி வெளுத்துப் போகுது? எங்க, முழுசாப் புடி பாக்கலாம்.”

பிடித்தேன். சுண்டுவிரல் அந்தரத்தில் நின்றது. அப்பா கிதாரையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கைக்குச் சேராத சாமானத்த வெச்சு எவன் வேலை செய்வான்? இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி எழுந்துபோய், அடுக்களையிலிருந்து சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டையைக் கிள்ளிக்கொண்டு வந்தார். வடக்கே இருந்து இருந்து அவருக்குச் சப்பாத்தி இல்லாமல் ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

மாவைத் தட்டையான ஒரு மரச்சட்டத்தின் அடியில் தடிமனாக அப்பி, என் கையில் கொடுத்து, உனக்கு எப்படிச் சௌகரியமோ அப்படிப் பிடி என்றார். பிடித்தேன். விரல்களுக்கு நடுவே மாவு பிதுங்கி, எங்கே வேண்டாமோ அங்கிருந்து விலகிப்போயிற்று. பிறகு அம்மாவின் தையல் நூலால் அதைக் குறுக்கே அறுத்தார். என் பிடியின் வடிவம் அரைவட்டமாக, ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்து தெரிந்தது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் அதை வரைந்து வெட்டிக்கொண்டார். இப்போது நானும் நோயாளியின் வாயில் மாவு போன்ற ஒன்றைக் கடிக்க வைத்துத்தான் பல்லின் அச்சை எடுக்கிறேன். கல்லூரியில் முதல்முறை அதைக் காட்டியபோது, இது என்ன பிரமாதம், எங்கள் வீட்டுச் சப்பாத்தி மாவு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏனுங்க, வளர்ற புள்ளைக்கு ஆராச்சும் அளவாத் தைப்பாங்களா? பாவாடைன்னா டக்குப் புடிச்சு வெச்சு, வருசா வருசம் பிரிச்சு உடலாம். மரத்துக்கு என்னங்க பண்ணுவீங்க?”

என் பள்ளிப் பாவாடையின் கீழ்விளிம்பில் எப்போதும் மூன்று மடிப்பு உண்டு. அதற்குத்தான் “டக்கு” என்று பெயர். வருடத்துக்கு ஒரு மடிப்பு பிரிக்கப்படும். பிரித்த இடத்தில் துணி புதுசாக, மற்ற இடத்தில் வெளுத்துப்போய், என் வயதைப் பாவாடையின் கோடுகளை எண்ணியே சொல்லிவிடலாம். அம்மாவின் கேள்வி அப்பாவுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். எனக்கு முழுதும் கேட்டது. ஆனாலும், “சீவுங்கப்பா, நல்லாச் சீவுங்க” என்று அவர் காதருகில் கத்தினேன். எனக்கு அடுத்த வருடம் வேண்டாம். அந்த ஆயுத பூசைக்குள் இரண்டு சுரம் வேண்டும், அவ்வளவுதான்.

கம்பிகளைக் கழற்றி, பின்பக்கத்து நான்கு திருகாணிகளைத் திருப்புளியால் எடுத்ததும் கழுத்து தனியாக வந்துவிட்டது. அதைத் துண்டில் சுற்றிக் கட்டில் சட்டத்துக்கும் தம் முழங்காலுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, லாரியின் உடைந்த பக்கவாட்டுக் கண்ணாடிச் சில்லு ஒன்றால் அப்பா சுரண்ட ஆரம்பித்தார். முதலில் அந்தப் பளபளப்பு உரிந்தது. அதற்கடியில் மரம் வெளிறி, வெயில் படாத வயிறு மாதிரி இருந்தது. பத்துத் தடவை சுரண்டினால் ஒரு தடவை அட்டையை வைத்துப் பார்ப்பார். அட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற இடத்தை விட்டுவிட்டு, முட்டுகிற இடத்தை மட்டும் பென்சிலால் கருக்கி மறுபடி சுரண்டுவார். அவசரமே கிடையாது. கல்லைத் துளைக்கிறவருக்கு மரம் பூ மாதிரி.

மூன்றாம் நாள், கழுத்தின் நுனியில் ஒரு சிறு ஓட்டையைப் பார்த்துவிட்டு டார்ச் அடித்து எட்டிப் பார்த்தவர், குழந்தை மாதிரி கூவினார். “அட! இதுக்குள்ளயும் ராடு போகுது சாமி!” கம்பிகளின் இழுப்பில் மரம் வளைந்துவிடாமல் இருக்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். ராடு என்று தெரிந்ததும் அப்பாவுக்கு அந்தக் கிதாரின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. கூடவே ஒரு பயமும் வந்தது. அதிகமாகச் சீவினால் ராடு வெளியே எட்டிப் பார்த்துவிடும், கழுத்து அதோடு தீர்ந்தது.

மேலே எவ்வளவு மரம் மிச்சமிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தட்டிப் பார்த்துத்தான். பூமிக்குள் பாறை மாறுவதை ராடின் மேல் உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுகிறவர், இந்தச் சின்ன மரத்தின் சத்தம் பிடிபடாமல் திணறினார். பத்தாம் நம்பர் ஸ்பேனரின் வாலால் மெல்லத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். “எனக்குக் கேக்கல சாமி. நீ கேட்டுச் சொல்லு. டொக்குன்னு கனமாக் கேட்டாச் சொல்லாதெ. சத்தம் இளைச்சுதுன்னா உடனே நிறுத்தச் சொல்லிப்போடு.”

ஆக நான் காது, அவர் கை. கட்டிலுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு நான் தலையாட்ட, அவர் சுரண்டுவார். ஐந்தாம் நாள் மத்தியானம், தலைப்பக்கத்தில், எனக்கு எட்டாத அந்த இரண்டு சுரங்கள் இருக்கிற இடத்தில், சத்தம் இளைத்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. அட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இன்னும் ஒரு நூலளவு முட்டிக்கொண்டிருந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், சீவுங்கள் என்று.

அந்த மனுஷனிடம் நான் சொன்ன பொய்களிலேயே பெரியது அந்தத் தலையாட்டல்தான். இரண்டு இழுப்பு இழுத்தார். மூன்றாவதற்குக் கண்ணாடியை வைத்தபோது, “போதுங்கப்பா!” என்று கத்தினேன். அவர் சில்லை அப்படியே நிறுத்தி, அட்டையை வைத்துப் பார்த்தார். எங்கும் வெளிச்சமில்லை, எங்கும் முட்டவில்லை. “பாத்தியா, சரியான நேரத்துல சொன்னெ” என்று என் தலையைத் தடவினார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, மறுபடி பூட்டினோம். ஆயுத பூசைக்கு ராடுகளுக்கும் ஸ்பேனர்களுக்கும் வைத்தது போலவே கிதாரின் கழுத்துக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார் அப்பா. காலையில் பூசை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, பொரி பங்கிட்டு எல்லோரும் போன பிறகு, லாரியின் படிக்கட்டில் உட்கார்ந்து நான் வாசித்தேன். கை கழுத்தைச் சுற்றி, சொந்த அண்ணன் தோளில் போட்ட மாதிரி உட்கார்ந்தது. ஏழு சுரமும் வந்தது. அப்பா என் வாயையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நான் நிறுத்தப் போனேன். அவர் கையமர்த்திவிட்டு, கிட்டே வந்து, கிதாரின் தலைமேல் உள்ளங்கையை வைத்தார், ராடின் மேல் வைப்பது போல. “ம்” என்றார். மறுபடி வாசித்தேன். மூன்று ஏறி, இரண்டு நின்று, இரண்டு இறங்கியது. அவருடைய இன்னொரு கை தொடையில் தாளம் போட்டது. திடீரென்று என்னைப் பார்த்தார்.

“அட சாமி! இது நம்ம வண்டி ஆரனல்லொ!”

அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் வண்டி கிளம்பியது. ஏரிக்கரைத் திருப்பத்தில் அப்பா கையை நீட்டி ஹாரன் அடித்தார். வழக்கமாக வரும்போதுதான் அடிப்பார், போகும்போது அடித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருடம் நான் கண்டபடி வளர்ந்தேன். ஒரே வருடத்தில் இரண்டு டக்குகளைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அடுத்த மழைக்காலத்தில் அப்பா வந்து இறங்கியதும், காலைக் கழுவுவதற்கு முன்னால், “எங்க, அதெடுத்து வாசி” என்றார். எடுத்தேன். கழுத்து என் கைக்குள் முங்கிப்போயிற்று. விரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வளைந்தன. வாசித்தேன் என்றாலும், கை பாதியிலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டது. அப்பா என் கையை எடுத்துத் தம் கையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். என் விரல் நுனி அவருடைய மேல்கணுவைத் தாண்டி நின்றது.

“ஏனுங்க்கோ,” என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மாவை அவர் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டால் ஒன்று கேலி, இல்லை கலக்கம். “இவ எப்பங்க வளந்தா?”

“நீங்க அங்க ராடு எறக்கிட்டிருந்தப்ப” என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டேதான்.

அப்பாவும் சிரித்தார். அப்புறம் எழுந்துபோய், அப்போதுதான் துடைத்த லாரிக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சத்தம் இளைத்ததைச் சொல்லியிருந்தால் ஒரு நூலளவு மரமாவது மிஞ்சியிருக்குமே என்று நான் உள்ளே குமைந்தேன். வளர்கிற தாடையில் நிரந்தரமாக எதையும் கட்டிவிடக் கூடாது என்று பின்னாளில் கல்லூரியில் நடத்தியபோது எனக்கு அம்மாவின் டக்குத்தான் ஞாபகத்துக்கு வந்தது. எனக்குப் பாடம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

இப்போது அந்த வண்டி இல்லை, கைமாறிப் போய்விட்டது. அந்த மாதிரி பாட்டு ஹாரன்களையும் கழற்றச் சொல்லிவிட்டதால், ஏரிக்கரைத் திருப்பத்தில் எந்த வண்டி திரும்பினாலும் ஒரே மாதிரி ‘பீம்’ சத்தம்தான். அப்பா வீட்டோடு இருக்கிறார். காதுக் கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருக்கிறார். போன ஐப்பசியில் ஊருக்குப் போனபோது பரண்மேல் கிடந்த கிதாரை இறக்கினேன். சேலத்தில் ஒரு கடைக்காரர், நாலு திருகாணிதானே, புதுக் கழுத்து ஒன்று பூட்டிவிட்டால் உங்கள் கைக்குச் சேர்ந்துவிடும் என்று சொல்லியிருந்தார். புதுக் கழுத்தையும் கையோடு வாங்கிப் போயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து, திருப்புளியை எடுத்து, பழையதைக் கழற்றப் போகிறேன் என்று அப்பாவிடம் கத்தினேன். அன்றைக்குப் பொய்யாகத் தலையாட்டியதைப் பற்றியும், இத்தனை வருடம் கழித்து, அதே மூச்சில் கத்தினேன்.

எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை. கிதாரை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய பெரிய கை கழுத்தின் தலைப்பக்கத்தைச் சுற்றிக்கொண்டபோது, உள்ளே இன்னொரு சின்னக் கை இருப்பதற்கு இடம் விட்டது போல வெற்றிடம் தெரிந்தது. கட்டைவிரலால் அந்த இடத்தை மேலும் கீழும் தடவினார். நான் வளர்ந்த வருடங்களில் பாதிக்கு மேல் அவர் பக்கத்தில் இல்லை. என் பாவாடைக் கோடு எதையும் அவர் எண்ணியதில்லை.

“இத்தனூண்டுதான் இருந்துச்சு சாமி, உன்ர கையி” என்றார் ஊருக்கே கேட்கிற குரலில். “நாம் பாத்தனல்லொ.”

நான் திருப்புளியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.